பழைய பியட்டுக்கு உள்வேலை கொடுக்கப் போகிறீர்களா, இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

மதுரைக்குள்ளேயோ, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கமோ பழைய பியட், அம்பாசிடர் வைத்துக்கொண்டு, சீட்டு, ரூஃப் லைனிங், டோர் பேட் (கதவின் உள்பக்கத்தை மூடும் பலகை) எல்லாம் புதுசாகப் போட்டுவிடலாம் என்று கடை கடையாக விலை கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் சொல்கிற விலையில் பாதியை ஒருத்தர் சொன்னால், மீதிப் பாதியை அவர் உங்கள் வண்டிக்குள்ளிருந்தே எடுத்துக்கொள்ளப் போகிறார். எங்கள் வண்டியில் நடந்தது அதுதான்.

வண்டி 1984 மாடல் பிரீமியர் பத்மினி, மாமனார் வாங்கியது. ஆர்சி புத்தகத்தில் பத்மினி என்று இருந்தாலும் வீட்டில் அதற்குப் பெயர் பியட்டுதான். முன்னால் ஒரே பெஞ்சு சீட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழேயே கியர். இன்ஜினும் பாடியும் ஓரளவு நன்றாகவே இருந்தன. உள்ளேதான் ரெக்ஸின் வெடித்து, நார் வெளியே தள்ளி, உட்கார்ந்தால் வேட்டியில் ஒட்டிக்கொண்டு வரும் நிலைமை. விசாரித்த இரண்டு கடைகளில் 60,000-க்குக் குறையாது என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, கண்ணாடி ஏற்றும் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “32,000 குடுங்க சார், முடிச்சுத் தர்றேன்” என்றார். “இதெல்லாம் ஒரிஜினலா சார்?” என்று ஒரு கேள்வி. ஆமா என்றேன். “வண்டிய விட்டுட்டுப் போங்க, புதுசு தோத்துப்போகும்.”

வண்டி திரும்பி வந்தபோது, உண்மையைச் சொன்னால், எல்லாருக்கும் பிடித்திருந்தது. கருஞ்சிவப்பும் சந்தன நிறமும் கலந்த ரெக்ஸின், ஓரத்தில் வெள்ளை பைப்பிங், தையல் நேராக இருந்தது. தையலில் குறை சொல்ல மாட்டேன், அந்தக் கடையில் தைக்கிற பையன் கெட்டிக்காரன். குஷன் வேலையில் இதுதான் வில்லங்கமே. கண்ணுக்குத் தெரிகிற வேலை கொஞ்சம்தான், பணம் போகிற வேலை முழுக்க ரெக்ஸினுக்கு அடியில் இருக்கிறது. மூடித் தைத்துவிட்டால் தெய்வத்துக்கும் தெரியாது.

முதலில் இறங்கியது ரூஃப். சித்திரைத் திருவிழா முடிந்து அக்னி நட்சத்திரம் ஆரம்பித்ததும் பின்சீட்டுக்கு மேலே லைனிங் விட்டு, மழைத்தண்ணி தேங்கிய பந்தல் துணி மாதிரி தொங்க ஆரம்பித்தது. கையை வைத்துத் தள்ளினால் உள்ளேயிருந்து மஞ்சள் பவுடர் கொட்டியது. இந்த வண்டிகளில் ரூஃப் துணி பசையில் நிற்பதே இல்லை. துணியின் மேல்பக்கம் குறுக்கே குழாய் மாதிரி மடித்துத் தைத்து, அதற்குள் வளைந்த கம்பிகளைச் சொருகி, கம்பியின் இரண்டு முனையையும் ரூஃபின் ஓரத்தில் மாட்டி இழுத்துக் கட்டுவார்கள். பசை ஓரங்களில் மட்டும்தான். தகட்டுக்கும் துணிக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் சூடும் நேரடியாக இறங்காது. நம்ம ஆள் என்ன செய்திருக்கிறார் என்றால், கம்பிகளை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, புதுக் கார்களுக்கு வருகிற ஃபோம் ஒட்டிய துணியைத் தகட்டிலேயே பசை தடவி ஒட்டிவிட்டார். மே மாத மதியத்தில் நம்மூரில் கார் ரூஃபில் கை வைக்க முடியுமா? பசை இளகி, ஃபோம் பொடிந்து, எல்லாம் தலையில். போய்க் கேட்டதற்கு, “வெயில்ல நிறுத்துனா அப்படித்தான் சார் ஆகும்” என்றார். மதுரையில் வேறு எதில் நிறுத்துவது என்று தெரியவில்லை.

அப்புறம்தான் சீட்டு மேலேயே சந்தேகம் வந்தது. டிரைவர் பக்கம் உட்கார்ந்தால் இடுப்பு பள்ளத்தில் இறங்கி, ஸ்டியரிங் கண் மட்டத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஆரப்பாளையம் பக்கம் தனியாக மெஷின் போட்டுத் தைக்கும் ஒரு பெரியவரிடம் சீட்டைக் கழற்றிக்கொண்டு போனேன். அவர் அடியிலிருந்து கிளிப்பை ஒவ்வொன்றாக நெம்பி ரெக்ஸினைப் பாதி உரித்ததும், என்னைக் கூப்பிட்டு, “தம்பி, இங்க பாருங்க” என்றார். இருந்த ஸ்பிரிங் ஒன்றுகூட இல்லை. ஃபிரேமில் ஸ்பிரிங்கை வெட்டிய இடம் மட்டும் பளபளவென்று தெரிந்தது. அதன் மேல் ஒரு பிளைவுட் துண்டு. பிளைவுட்டுக்கு மேல் வெட்டுத் துண்டு ஃபோம்களைப் பசை போட்டு ஒட்டி அடுக்கியிருந்தார்கள், பச்சை, வெள்ளை, ரோஸ் எல்லாம் கலந்து. ஒரு துண்டில் யார் வீட்டு மெத்தையோ, பூப்போட்ட துணி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் அந்தத் துணியைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, 32,000 என்னுடையது.

பின்சீட்டில் மட்டும் ஒரே ஃபோமாகப் போட்டிருந்தார்கள். ‘40 டென்சிட்டி’ என்று வாயால் சொன்னது அதைத்தான். இதைச் சரிபார்க்க எந்த நிபுணரும் வேண்டாம், மளிகைக்கடைத் தராசு போதும். 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் 40 கிலோ. ஓர் அடிக்கு ஓர் அடி, நாலு அங்குலத் தடிமனில் ஒரு துண்டு வெட்டி நிறுத்தால் 380 கிராம் பக்கம் வர வேண்டும். எங்கள் ஃபோம் 200 கிராமைத் தொடவில்லை, அதாவது பாதி. பார்க்க அதே தடிமன், கையால் அமுக்கினால் முதல் நாள் மெத்தென்றுதான் இருக்கும், சில மாதத்தில் அமுங்கிப் போய்விடும். எடை மட்டும் பார்த்தும் ஏமாறலாம், துண்டு ஃபோம்களைப் பசை போட்டு அமுக்கிச் செய்கிற ரீபாண்டட் ஃபோம் எடை கூடுதலாகவே இருக்கும், ஆனால் அதில் பல நிறத் துணுக்குகள் தெரியும் என்பதால் வெட்டிய முகத்தைப் பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

டோர் பேட் கதை வேறு மாதிரி. பழைய பேட் கிளிப்பில் மாட்டுவது. இவர்கள் மெல்லிய ஹார்டுபோர்டில் ரெக்ஸின் ஒட்டி, கதவுத் தகட்டில் நேராக ஸ்குரூ அடித்துவிட்டார்கள். இடதுபக்க முன்கதவில் ஒரு ஸ்குரூ நீளம் அதிகம், கண்ணாடியை இறக்கினால் கரக் என்று உரசி, இப்போது கண்ணாடியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. பேடுக்குப் பின்னால் கதவில் ஒரு பாலிதீன் தாள் இருக்கும். கண்ணாடி இடுக்கு வழியாக மழைத்தண்ணி கதவுக்குள் போவது சகஜம்தான், அந்தத் தாள் அதைப் பேடுக்கு வரவிடாமல் தடுத்து, கதவின் அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியே விட்டுவிடும். தாளையும் காணோம், ஓட்டையில் பசை அடைத்துக்கொண்டிருந்தது. ஐப்பசி மழைக்கு ஹார்டுபோர்டு அப்பளமாகப் பொரிந்துவிட்டது. தரைக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஈரம், துருவைச் சுரண்டக்கூட இல்லை, அப்படியே மேலே ஒட்டியிருந்தார்கள்.

இதெல்லாம் மட்ட வேலை, மட்டச் சாமான். இதை விடுங்கள், காசு போட்டால் திரும்பச் செய்துகொள்ளலாம். எனக்கு இன்னும் ஆறாதது பழைய சாமான்கள்தான். கண்ணாடி ஏற்றும் கைப்பிடிகள், உள்பக்கக் கதவுக் கைப்பிடி, ஆஷ்ட்ரே, ரூஃப் லைட்டின் மூடி, டோர் பேடில் இருந்த பளபளப் பட்டைகள், ரூஃப் கம்பிகள், சீட்டு ஸ்பிரிங். அவற்றுக்குப் பதிலாக இப்போது இருப்பவை பிளாஸ்டிக் கைப்பிடிகள், திருகினால் கையோடு வருகின்றன. “அதெல்லாம் துருப்பிடிச்சது சார், பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாச்சு” என்பது பதில். பத்மினி தயாரிப்பு நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. பம்பாயில் கடைசியாக ஓடிய பத்மினி டாக்சியும் 2023 அக்டோபரோடு ஓய்ந்துவிட்டது. ஒரிஜினல் கைப்பிடி செட் ஒன்றைப் பழைய இரும்பு விலைக்கு எவன் போடுவான்? திருமங்கலத்தில் பியட் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இதே கடையிலிருந்து ‘ஒரிஜினல் செட் இருக்கு, வேணுமா’ என்று கேட்டிருக்கிறார்கள். அது எங்கள் வண்டியுடையது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. என் சந்தேகத்தை எழுத உரிமை உண்டு, எழுதிவிட்டேன். கைப்பிடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் 32,000 சொன்னது எப்படி என்று இப்போது கணக்கு நேராகிறது.

அதனால் வண்டியைக் கடையில் விடும் முன்பே கைப்பிடி, லைட் மூடி, பட்டை எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள், துருப்பிடித்திருந்தாலும் சரி. சீட்டைக்கூட நாமே கழற்றிவிடலாம், நாலைந்து போல்ட்தான். வண்டியை விடாமல் சீட்டை மட்டும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால் பாதிப் பிரச்சினை இல்லை. ஸ்பிரிங்கைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஃபிரேமில் உள்பக்கம் பெயின்டில் ஒரு அடையாளம் போடுங்கள். ரெக்ஸினை நீங்களே வாங்குங்கள், சாதாரணமாக 54 அங்குல அகலத்தில் வரும், எத்தனை மீட்டர் என்று தைப்பவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். ஃபோமும் அப்படியே. மூடித் தைக்கும் முன் கூப்பிடுங்கள், வந்து பார்த்த பிறகுதான் அடுத்த பணம் என்று சொல்லுங்கள். முகம் சுளித்தால் அந்தக் கடை வேண்டாம். பணம் குறைவாக இருந்தால் முன்சீட்டை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள், ரூஃபுக்கான பணத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மலிவாக முடிக்க நினைக்கிற இடத்தில்தான் இந்த மாதிரி ஆட்கள் நிற்கிறார்கள்.

என்னிடம் இருந்தது ‘உள்வேலை 32,000’ என்று எழுதிய ஒரு துண்டுச்சீட்டும், போனில் பணம் அனுப்பிய ரசீதும்தான். அதுவே போதுமானதாக இருந்தது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசினேன், தமிழிலேயே பேசினார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, பிரச்சினை தொடங்கி இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் போட்டோக்களையும் பெரியவர் எழுதிக் கொடுத்த விவரத்தையும் வைத்துக் கடைக்காரருக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். தபால் கிடைத்த அன்றே போன் வந்தது, அதுவரை நான் பண்ணினால் எடுக்காத ஆள். “எதுக்குண்ணே இதெல்லாம், பேசிக்கலாம்ல” என்று சாரிலிருந்து அண்ணனுக்கு இறங்கிவிட்டார். 9,000 ரூபாய் திருப்பிக் கொடுத்திருக்கிறார், கணக்கு முடிந்தது என்று எழுதிக் கேட்டார், எழுதிக் கொடுக்கவில்லை. மீதிக்கு மனு போடப் போகிறேன். அதனால்தான் கடையின் பெயர் இங்கே இல்லை, தனியாகக் கேட்டாலும் இப்போதைக்குச் சொல்ல மாட்டேன்.

முன்சீட்டைப் பெரியவர் எடுத்துச் செய்துகொண்டிருக்கிறார், வேறு வண்டியின் ஸ்பிரிங் ஒன்று கிடைத்தது. ரூஃப் இப்போது வெறும் தகடு. பத்மினி ரூஃப் கம்பி முழு செட்டாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, வளைவு சரியாக இருந்தால் போதும், நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.