கடையிலிருந்து ட்ரேஸ் வாங்க: ரிலேடியா, ஓப்பன்டெலிமெட்ரி கலெக்டரா?

புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் சில கடைகளில் எங்கள் பில்லிங் மென்பொருள் ஓடுகிறது. கடைக்கு ஒரு சின்ன லினக்ஸ் பொக்ஸ், கொட்டாஞ்சேனை அலுவலகத்தில் ஒரு சேர்வர். "தம்பி, பில் அடிக்கேக்க ஏன் இப்பிடி இழுக்குது?" என்று முதலாளி கேட்டால் லொக் கோப்பை வைத்துப் பதில் சொல்வது கஷ்டம். எந்த வேலை எங்கே எவ்வளவு நேரம் தங்கியது என்ற ட்ரேஸ் வேண்டும். அதை நெட்வேர்க் வழியே வாங்கிச் சேர்க்கும் பின்னணிச் சேவைக்கு இரண்டைப் போட்டுப் பார்த்தோம். ஒன்று, லினக்ஸில் ட்ரேஸ் எடுக்கும் கருவியான எல்டிடிஎன்ஜியோடு வரும் ரிலேடி, மற்றது ஓப்பன்டெலிமெட்ரி கலெக்டர். இப்போது கடைகளில் ஓடுவது கலெக்டர்தான். அதனால் என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டும் இலவசம், இரண்டும் திறந்த மூலம், இரண்டையும் லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டியின் கீழ் ஓட்டலாம். ரிலேடி 5342, 5343 போர்ட்களில் ட்ரேஸை வாங்கும், 5344இல் நேரலையாகப் பார்க்க விடும். கலெக்டருக்கு ஜிஆர்பிசி நெறிமுறையில் அனுப்பினால் 4317, எச்டிடிபியில் அனுப்பினால் 4318. முதல் நாள் வேலையில் ரிலேடிக்குத்தான் வெற்றி. சேர்வரில் ஒரு கட்டளை, கடைப் பொக்ஸில் செஷன் (ட்ரேஸ் பதிவு செய்யும் அமர்வு) தொடங்கும்போது சேர்வரின் முகவரி, அவ்வளவுதான். கலெக்டருக்கு யாம்ல் என்ற வடிவில் அமைப்புக் கோப்பு எழுத வேண்டும். அதில் இரண்டு இடைவெளி தள்ளிப் போனாலும் சேவை எழும்பாது.

பாதுகாப்பு என்று பார்த்தால், ரிலேடி பேசுவது குறியாக்கம் இல்லாத வெறும் டிசிபி. நாங்கள் ஏற்கெனவே வயர்கார்ட் என்ற குறியாக்கும் விபிஎன் போட்டிருந்ததால் அது பெரிய விஷயமாகவில்லை. அது இல்லாதவர்களுக்கு, டிஎல்எஸ் குறியாக்கம் கூடவே வரும் கலெக்டர் நிம்மதி.

சரி, முடிவை எடுக்க வைத்தது இவை எதுவும் இல்லை. இணைப்பு அறுந்தால் கையில் இருக்கும் ட்ரேஸுக்கு என்ன நடக்கிறது என்ற ஒரே கேள்விதான்.

கொழும்புக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. பில் அடிக்கும் பொக்ஸ் யூபிஎஸ்சில் இருக்கும், ரவுட்டர் நேராகச் சுவரில் சொருகியிருக்கும். கரண்ட் போனால் பொக்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும், காசாளர் பில் அடித்துக்கொண்டே இருப்பார், வெளியே போகும் வழி மட்டும் அடைபட்டிருக்கும். 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு போய் மாட்டிக்கொண்டதில் நாடே இருண்டது. இவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், வீதியைத் தோண்டுகிறவர்கள் கேபிளை அறுப்பதும் ரவுட்டர் தானாகத் தொங்குவதும் சாதாரணம். அத்தோடு, கடை இழுக்கிறது என்று புகார் வருவதும் பெரும்பாலும் இந்த நேரங்களில்தான். நமக்கு மிகவும் தேவையான ட்ரேஸ் வெளியே போக முடியாமல் நிற்பதும் அப்போதுதான்.

ரிலேடிக்கு அனுப்பும் செஷன் இந்த இடத்தில் கைவிட்டது. இணைப்பு அறுந்தால் நினைவகத்தில் உள்ள வளைய பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) அளவுக்குத்தான் இடம். அது நிறைந்தால், நாம் வைத்த முறையைப் பொறுத்து, புதிய நிகழ்வுகளைத் தள்ளிவிடும் அல்லது பழையவற்றின் மேல் எழுதும். பில் அடிக்கும் நிரலை எதற்காகவும் காக்க வைக்கக்கூடாது என்பது எல்டிடிஎன்ஜியின் கொள்கை. அது நல்ல கொள்கைதான். ஆனால் லைன் திரும்பி வந்த பிறகும் எங்கள் பொக்ஸ்களில் செஷன் தானாகச் சேர்வரோடு ஒட்டிக்கொள்ளவில்லை. யாராவது உள்ளே போய்ப் புதுச் செஷன் தொடங்க வேண்டியிருந்தது. இதற்கு மாற்றுவழி இருக்கிறது. ட்ரேஸைப் பொக்ஸின் வட்டிலேயே எழுதவிட்டு, 2.11 பதிப்பில் வந்த ரொடேஷன் வசதியால் துண்டு துண்டாக முடித்து, இரவில் ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் கருவி மூலம் இழுக்கலாம். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அப்படிச் செய்தால் ரிலேடியே தேவையில்லையே!

கலெக்டரைக் கடைப் பொக்ஸிலேயே ஒன்று, சேர்வரில் ஒன்று என்று வைத்தோம். நிரல் தன் பக்கத்தில் இருக்கும் கலெக்டரிடம் ஸ்பான்களை (ஒவ்வொரு வேலையின் நேரப் பதிவுகளை) கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும், அனுப்பும் தலைவலி கலெக்டருக்கு. ஆனால் நிறுவியபடியே விட்டால் இதுவும் உதவாது. வரிசை நினைவகத்தில்தான் நிற்கும். அனுப்ப முடியாவிட்டால் 5 விநாடி கழித்து மறுபடி முயலும், இடைவெளியை 30 விநாடி வரை கூட்டிக்கொண்டு போகும், 5 நிமிடம் ஆனதும் அந்தத் தொகுதியைக் கைகழுவிவிடும். ஐந்து நிமிடத்தில் முடிகிற மின்வெட்டை நான் கண்டதில்லை.

மாற்ற வேண்டியவை இரண்டு. அதிகபட்ச முயற்சி நேரத்தைப் பூச்சியமாக்கினால் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். ஃபைல் ஸ்டோரேஜ் நீட்சியை அனுப்பும் வரிசையோடு இணைத்தால் வரிசை வட்டில் நிற்கும். இதற்குக் கூடுதல் நீட்சிகள் சேர்ந்த காண்ட்ரிப் பதிப்பை நிறுவினோம். அப்புறம் ஒரு கடையில் ரவுட்டர் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டுக் காசாளரை வழக்கம்போல் பில் அடிக்கச் சொன்னோம். வட்டில் அந்தக் கோப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்தது. இடையில் பொக்ஸையும் ஒருமுறை அணைத்துப் போட்டோம். வயரைத் திரும்பச் சொருகியதும், அடித்த பில்கள் எல்லாம் அலுவலகத்தில் ட்ரேஸைக் காட்டும் யேகர் திரையில் வந்து நின்றன, அவை அடிக்கப்பட்ட நேரத்தோடேயே. ஸ்பான் தன் நேரத்தைத் தானே சுமந்து வருவதால் தாமதமாக வந்தாலும் இடம் மாறாது. பொக்ஸின் மணிக்கூடு சரியாக இருக்க வேண்டும், அதற்கு நேரத்தை ஒத்திசைக்கும் க்ரோனி.

பராமரிப்பில் ஒரு சங்கடம் உண்டு. பெருத்த கோப்பு, வரிசை காலியான பிறகும் தானாகச் சுருங்காது. கம்பாக்ஷன் என்ற அமைப்பைத் தொடக்கத்தில் ஓடும்படி போட்டுவிட்டால் சேவை எழும்பும்போது சுருக்கிக்கொள்ளும். சின்ன வட்டு உள்ள பொக்ஸில் இதை விட்டுவிட்டால் கடைசியில் வட்டு நிறைந்து பில்லிங்கே நிற்கலாம். வரிசைக்கும் எல்லை வைக்க வேண்டும். நிறைந்துவிட்டால் கலெக்டரும் புதியதைத் தள்ளிவிடும், அதில் மாயம் ஒன்றும் இல்லை. அதை 8888 போர்ட்டில் அது தரும் தன் அளவீடுகளிலேயே பார்க்கலாம்.

கலெக்டர் பக்கம் இன்னொரு வசதியும் சேர்ந்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, வாடிக்கையாளரின் தொலைபேசி எண் ட்ரேஸுக்குள் ஊர்ந்து வருவது எனக்குப் பிடிக்கவில்லை. கடையை விட்டு வெளியேறும் முன்பே அந்தப் புலத்தை அழிக்கும்படி கலெக்டரில் எழுதிவிடலாம், நிரலைத் தொட வேண்டியதில்லை.

எங்களுக்கு இருப்பவை கொஞ்சக் கடைகள்தான். நூறு பொக்ஸ்கள் ஒரே நேரத்தில் லைனுக்கு வந்து தேங்கியதையெல்லாம் கொட்டினால் நடுச் சேர்வர் எப்படித் தாங்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். நினைவக வரம்பைப் போட்டு வைத்திருக்கிறோம், அது இன்னும் சோதிக்கப்படவில்லை.

ரிலேடியை ஒரேயடியாகத் தூக்கி எறியவில்லை. அச்சு எடுக்கும் ஸ்பான் நீண்டுபோனது என்று கலெக்டர் சொல்லும், ஏன் என்று சொல்லாது. ஒரு பொக்ஸில் அப்படித்தான் மண்டையை உடைத்தோம். இயங்குதளத்தின் மையமான கெர்னலின் ட்ரேஸ் எடுத்துப் பார்த்தபோதுதான், அச்சு நிரல் வட்டுக்காகக் காத்துக்கிடந்ததும், அதே நேரத்தில் பேக்கப் வட்டைப் பிடித்து வைத்திருந்ததும் தெரிந்தது. இந்த இரண்டில் இவ்வளவு ஆழம் எல்டிடிஎன்ஜியிடம்தான் கிடைக்கும். ஆனால் அதன் கெர்னல் மொட்யூல்கள் கெர்னல் மாறும்போதெல்லாம் மறுபடி கட்டப்பட வேண்டும், அந்த வேலையை எல்லாக் கடைகளிலும் இழுத்துப்போட நான் தயாரில்லை. புரியாத வியாதி உள்ள பொக்ஸை மட்டும் அலுவலகத்துக்குத் தூக்கி வந்து, மேசையில் கேபிள் போட்டு, ரிலேடிக்கு ஓடவிட்டு, ட்ரேஸை வாசிக்கும் பேபல்ட்ரேஸில் நேரலையாகப் பார்க்கிறோம். அங்கே ரவுட்டரும் யூபிஎஸ்சில் இருக்கிறது.