கேனான் 50 எம்.எம். எஃப் 1.8 எஸ்.டி.எம்.: படம் எடுக்கப் பழகும் பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாமா?

மதுரையில் கல்யாண வீடுகளில் படம் எடுப்பதுதான் என் தொழில். கேமரா பழக ஆசைப்படும் பிள்ளைகள் ஸ்டுடியோவுக்கு வந்து, "அடுத்து என்ன லென்ஸ் வாங்கலாம்ணே?" என்று கேட்பார்கள். கேமராவோடு சேர்ந்தே வரும் கிட் லென்ஸோடு கேனான் 1500டி கேமரா வைத்திருக்கிற யாருக்கும் நான் சொல்வது கேனானின் இந்த 50 எம்.எம். லென்ஸைத்தான். கூடவே ஒரு நிபந்தனையும் சொல்வேன்: எடுத்த படத்தை உட்கார்ந்து பார்த்து, எங்கே சரி, எங்கே சரியில்லை, ஏன் என்று விளக்க ஓர் ஆளைத் தேடிக்கொள்ளுங்கள். ஆள் இல்லாமல் லென்ஸ் மட்டும் இருந்தால், பின்னணி மங்கிய அழகிலேயே மயங்கி நின்றுவிடுவார்கள்.

என் அக்கா மகளுக்குத் தீபாவளிக்கு இதைத்தான் வாங்கிக் கொடுத்தேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை கட்டும் ஓர் அம்மாவை எடுத்துக்கொண்டு வந்தாள். "முகம் மங்கலா வருது மாமா, லென்ஸ்ல ஏதும் கோளாறா?"

கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தோம். முன்னால் குவிந்திருந்த பூவில் ஒரு மொட்டு, காம்பின் பச்சை நரம்பு வரைக்கும் துல்லியமாக இருந்தது. "லென்ஸ் அது வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கு. எந்தப் புள்ளின்னு நீ சொல்லல, கேமராவா ஒண்ணை எடுத்துக்கிச்சு" என்றேன். எந்த இடம் துல்லியமாக விழ வேண்டும் என்று கேமராவுக்குக் காட்டும் ஃபோகஸ் புள்ளிகள் 1500டியில் 9. தேர்வை ஆட்டோவில் விட்டால், பெரும்பாலும் கிட்டே இருக்கிற பொருளைத்தான் அது பிடிக்கும்.

கிட் லென்ஸில் இது அவ்வளவாக வெளியே தெரியாது. எஃப் என்பது லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும், துல்லியமாக விழும் ஆழம் கூடும். எஃப் 5.6-இல் அந்த ஆழம் தாராளமாக இருப்பதால் சின்னப் பிசகு மறைந்துவிடும். இந்த லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால், துல்லியமாக விழும் பகுதி ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர்தான். ஃபோகஸ் பூட்டிய பிறகு உடம்பு லேசாக முன்னால் சாய்ந்தாலே படத்தில் கண் மங்கிப் போய்விடும். எஃப் 2.8-க்கு வந்தால் நாலு சென்டிமீட்டர் கிடைக்கும். ஒற்றைப் புள்ளியை எடுத்து, கிட்டே இருக்கிற கண்ணில் வைத்து, எஃப் 2.8-இல் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன்.

மங்கலுக்குக் காரணம் தெரியாமல் யோசனை சொல்லவே கூடாது. படத்தில் முன்னாலோ பின்னாலோ ஏதாவது ஓர் இடம் துல்லியமாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுத்த மாதிரி இருந்தால் கை ஆடியிருக்கிறது. சுவர் தெளிவாக இருந்து பூ கட்டும் விரல்கள் மட்டும் கரைந்திருந்தால், ஷட்டர் வேகம் போதவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு. கை ஆட்டத்தை ஈடுகட்டும் ஐ.எஸ். வசதி இந்த லென்ஸில் கிடையாது. 1500டியின் சிறிய சென்சாரில் இது 80 எம்.எம். அளவுக்குக் கிட்டே இழுத்துக் காட்டும் என்பதால், ஆட்களை எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/125 வினாடிக்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கணக்கு.

அப்புறம் காம்போஸிஷன், அதாவது படத்துக்குள் எது எங்கே இருக்க வேண்டும் என்பது. அதே படத்தில் அந்த அம்மாவின் தலைக்கு நேர் பின்னால் ஒரு கம்பம். வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட நீல டிரம். "நல்லா இல்ல" என்று சொல்லியிருந்தால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? "இடது பக்கம் ஓர் அடி நகர்ந்திருந்தா கம்பம் தலையை விட்டு விலகியிருக்கும், ஒரு எட்டு முன்னால போயிருந்தா டிரம் வெளியே போயிருக்கும்" என்றால், அடுத்த தடவை போய்ச் செய்து பார்க்க ஒன்று இருக்கிறது. ஜூம் இல்லாத லென்ஸ் என்பதால் காலால் நகர்ந்துதான் ஆக வேண்டும். அவளிடம் இன்னொன்றும் கேட்டேன்: "முகமா, விரலா, எதைக் காட்டப் போனே?" யோசித்துவிட்டு "விரல்" என்றாள். அப்படியென்றால் புள்ளி போக வேண்டிய இடமே வேறு. அடுத்த முறை தரையில் உட்கார்ந்து, நூல் சுற்றும் விரல்களில் ஃபோகஸ் வைத்து எடுத்திருந்தாள். முகம் பின்னால் மென்மையாக நின்றது. அருமையான படம், ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கிறேன்.

சரி, லென்ஸுக்கு வருகிறேன். 1990-இல் வந்த பழைய மாடல் இன்னும் என்னிடம் இருக்கிறது. கேமராவில் மாட்டுகிற அதன் மவுண்ட் பிளாஸ்டிக், துவாரத்தைச் சுருக்கி விரிக்கும் அப்பெர்ச்சருக்கு 5 இதழ்கள், 45 சென்டிமீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. 2015-இல் வந்த இந்த எஸ்.டி.எம்.மில் (ஃபோகஸை நகர்த்த ஸ்டெப்பிங் மோட்டார் உள்ள மாடல்) உலோக மவுண்ட், 7 இதழ்கள், 35 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். எடை 160 கிராம் அளவுதான். வேலைப்பாட்டில் பழையதைவிட எவ்வளவோ மேல்.

குறைகளும் உண்டு. எஃப் 1.8-இல் வெள்ளைப் பூவின் விளிம்பிலும் வெள்ளிக் குத்துவிளக்கிலும் ஊதா நிறம் கசியும். இருட்டு மண்டபத்தில் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடி அலையும். சின்ன அறையில் குடும்பத்தையே நிறுத்தி எடுக்க நினைத்தால் முதுகு சுவரில் முட்டும். அதற்கு கிட் லென்ஸைக் கையில் வைத்திருங்கள்.

விலை பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும். லென்ஸின் முன்னால் மாட்டும் இ.எஸ்.-68 ஹுட் தனியாக வாங்க வேண்டும். ஃபோகஸ் ஆகும்போது முன்பகுதி வெளியே நீளும் லென்ஸ் என்பதால் இடிபடாமல் இருக்க அது அவசியம். ஃபில்டர் அளவு 49 எம்.எம்., பழையதன் 52 சேராது. உள்ளே கண்ணாடி இல்லாத, கேனானின் ஆர்.எஃப். மவுண்ட் மிர்ரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் இதை அடாப்டர் போட்டு மாட்டுவதைவிட, அந்த மவுண்டுக்கே வந்திருக்கும் 50 எம்.எம். எஃப் 1.8-ஐ வாங்கிக்கொள்ளுங்கள்.