காம்ஃப்ரே வேர்த்துண்டுகள்: பத்தில் எட்டு தேறியது

காம்ஃப்ரே, இலைகளை உரமாக்குவதற்காகத் தோட்டத்தில் வளர்க்கும் ஒரு செடி. அதில் ‘பாக்கிங் 14’ (Bocking 14) ரகம் என்று எழுதியிருந்ததால்தான் வாங்கினேன். இது விதை போட்டுப் பரவாது; வேரைத் துண்டு போட்டுத்தான் பெருக்க வேண்டும். பொட்டலத்தில் பத்துத் துண்டுகள், ஒவ்வொன்றும் விரல் நீளம். ஈரமான தேங்காய் நாரில் சுற்றி அனுப்பியிருந்தார்கள், நல்ல வேலை. ஆனால் இரண்டு துண்டு பென்சிலைவிட மெலிசு, நுனி கொழகொழவென்று இருந்தது. அவை முளைக்கவே இல்லை.

எது மேல்பக்கம் என்று தெரியாததால் எல்லாவற்றையும் படுக்கவைத்து, 5 செ.மீ. ஆழத்தில் புதைத்தேன். மூன்று வாரம் ஒன்றுமே இல்லை. ஏமாந்துவிட்டோமோ என்று ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன் (செய்யாதீர்கள், முளை ஒடிந்துவிட்டது; நல்லவேளை, அதே துண்டு மறுபடி துளிர்த்தது). ஐந்தாம் வாரம் சொரசொரப்பான இலைகள் எட்டிப் பார்த்தன.

முதல் வருடம் அதிகம் அறுக்கவில்லை. இப்போது இலைகளைத் தக்காளிக்கு மூடாக்காகப் போடுகிறேன். தண்ணீரில் ஊறவைத்தும் உரமாக்கலாம், நாற்றம் தாங்கினால்.

விற்பவர்களிடம் ஒரு குறை: இதன் ஆல்கலாய்டுகள் கல்லீரலைக் கெடுக்கும், உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது என்று பொட்டலத்தில் ஒரு வரிகூட இல்லை. அப்புறம், இடத்தை யோசித்து நடுங்கள். பிடுங்கினாலும் மிச்சமிருக்கும் வேரிலிருந்து திரும்ப வந்து நிற்கும்.