மஞ்சக்குப்பம் ஆப்டோமெட்ரி நிலையம்: அனுபவமும் சில கருத்துகளும்

இரண்டு ஆண்டுகளாகப் படிக்க உட்கார்ந்தாலே எனக்கு நெற்றிப்பொட்டு வலிக்கும். கடலூரில் ஒரு கண்ணாடிக் கடையில் ஐந்து நிமிட 'கம்ப்யூட்டர் டெஸ்ட்' மட்டும் செய்து வாங்கிய கண்ணாடியைத்தான் அதுவரை அணிந்திருந்தேன். இருமுறை திரும்பப் போய்ச் சொல்லியும், "போடப் போடப் பழகிடும் சார், வெள்ளெழுத்து வர்ற வயசுதானே" என்ற பதிலே கிடைத்தது. அந்தக் கடையில் என் கண்ணைப் பார்த்தவர் என்ன படித்திருந்தார் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

சென்ற மாதம் நண்பர் சொல்லி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள சிறிய ஆப்டோமெட்ரி (பார்வைக் குறையை அளந்து கண்ணாடி எழுதும் துறை) நிலையத்துக்குப் போனேன். முதலில் பயிற்சி மாணவி ஒருவர் இயந்திரத்தில் பவர் பார்த்துக் குறித்தார். பிறகு மூத்த ஆப்டோமெட்ரிஸ்ட் அம்மையார் வந்து, விளக்கை அணைத்துவிட்டு, ரெட்டினோஸ்கோப் என்ற கைக்கருவியின் ஒளிக்கோட்டை என் கண்ணில் மெல்ல அசைத்துத் தாமே மறுபடி அளந்தார். பழைய கண்ணாடியில் வலக்கண்ணின் சிலிண்டர் பவர், அதாவது ஒரு திசையில் மட்டும் இருக்கும் பார்வைக் குறையைச் சரிசெய்யும் பவர், 70 டிகிரியில் வைக்கப்பட்டிருந்தது. இருக்க வேண்டிய கோணம், அதாவது ஆக்சிஸ், 90. "ஆக்சிஸ் இவ்வளவு விலகியிருந்தா தலை வலிக்காம என்ன செய்யும், நீயே பாரும்மா" என்று மாணவியின் கையில் ரெட்டினோஸ்கோப்பைக் கொடுத்து, அவரே கண்டுபிடிக்கும்வரை பொறுமையாக நின்றார். கீழே இருப்பவரை வளர்த்துவிடுவதும், அவர் எழுதியதற்குத் தாம் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுவதும் அல்லவா ஒரு தொழிலில் தலைமை என்பது!

எனக்குப் பெரிதாகப்பட்டது அடுத்து நடந்ததுதான். கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தைப் பார்த்தபோது வலக்கண்ணில் 24 (மி.மீ. பாதரச அளவு) காட்டியது. பொதுவாக 10 முதல் 21 வரை இருக்கலாம் என்றார். ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் கண் நரம்பையும் பார்த்துவிட்டு, நோயின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தாமலும், தாமே சொட்டு மருந்து எழுதாமலும், அளவுகளையெல்லாம் குறித்த கடிதத்துடன் என்னைக் கண் மருத்துவரிடம் அனுப்பினார். புதுச்சேரி தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில், பக்கவாட்டில் எவ்வளவு தெரிகிறது என்று அளக்கும் பார்வைப் புலப் பரிசோதனை செய்து, கண் நீர் அழுத்த நோயின் (கிளாக்கோமா) தொடக்கம் என்று உறுதிசெய்து சிகிச்சையைத் தொடங்கினார்கள். பெரும்பாலும் வலியே இல்லாமல் வரும் நோய் அது. போன பார்வை திரும்பாது.

மஞ்சக்குப்பம் நிலையத்தின் சுவரில் அந்த அம்மையாரின் பி.ஆப்டம் (ஆப்டோமெட்ரி இளநிலைப் பட்டம்) சான்றிதழ் மாட்டியிருக்கிறது. ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியுடன் 4 ஆண்டுப் படிப்பு. அமெரிக்காவில் இத்துறையினர் மாநில உரிமம் பெற்ற பிறகும், கண் நோய்களைக் கவனிக்கும் மருத்துவ ஆப்டோமெட்ரியில் தனித் தேர்ச்சிக்கு வாரியச் சான்றிதழ் பெறலாம். அதற்கென்றே 2009-இல் ஒரு வாரியம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவ, சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டம் ஆப்டோமெட்ரிஸ்டுகளையும் தன் பட்டியலில் சேர்த்து, பதிவேட்டுக்கும் வழி செய்திருக்கிறது. கண்ணாடி விற்கிற ஒவ்வோர் இடத்திலும், பரிசோதிப்பவரின் படிப்பும் பதிவும் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எழுதி வைக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த விவரம் முன்பே என் கண்ணில் பட்டிருந்தால் இரண்டு ஆண்டு வலி மிச்சமாகியிருக்கும்.

குறைகளும் உண்டு. பார்வைப் புலம் பார்க்கும் இயந்திரம் இந்த நிலையத்தில் இல்லை. நான்கு நாற்காலிகளே இருப்பதால் மாலை ஆறு மணிக்கு மேல் வாசலில்தான் நிற்க வேண்டும். ஃபிரேம் வகைகள் மிகக் குறைவு. ஆனால் பவர் சீட்டை வாங்கிக்கொண்டு வேறெங்கும் கண்ணாடி செய்துகொள்ளலாம், அதற்கு அவர்கள் முகம் சுளிப்பதில்லை. பரிசோதனைக்கு முக்கால் மணி நேரமாகிறது. பழைய கண்ணாடியையும் பழைய சீட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். அவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.