பழைய மெர்சிடிஸ் 300 இ: இரும்பு உழைக்கும், ரப்பரைக் கவனியுங்கள்

மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் டபிள்யூ124 வரிசை 1984-ல் வெளிவந்தது. அதில் 300 இ என்ற ஆறு சிலிண்டர் பெட்ரோல் செடானைத்தான் நான் வைத்திருக்கிறேன். 2,962 சிசி எஞ்சின், சுமார் 180 குதிரைத்திறன், நான்கு கியர் ஆட்டோமேட்டிக். முப்பது வயதைத் தாண்டிய கார் என்றாலும் தினமும் ஓட்டுகிறேன், நீண்ட பயணத்துக்கும் இதையே எடுக்கிறேன். இதை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் தயங்காமல் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் இந்தக் காரில் எஞ்சினும் கியர் பாக்ஸும் கடைசியாகத்தான் கெடும் என்பதைப் புரிந்துகொண்ட மெக்கானிக் ஒருவர் கைவசம் இருக்க வேண்டும். வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ரப்பர், வயர், சால்டர் (மின் இணைப்புகளை ஒட்டும் உலோகப் பற்று), எண்ணெய் இந்த நான்குக்குள் அடங்கிவிடும். அவை வெளிக்காட்டும் அறிகுறிகளோ எஞ்சினே போய்விட்டது போலப் பயமுறுத்தும்.

பழுது பார்ப்பதற்கு இவ்வளவு இடம் கொடுத்து வடிவமைத்த காரை நான் வேறு பார்த்ததில்லை. பானெட்டின் கீலில் உள்ள கொக்கியை விடுவித்தால் அது செங்குத்தாக, நேர் மேலே நின்றுவிடும். எஞ்சினின் பின்பக்கம் வரை கை போகும். வால்வுகளை இயக்க ரப்பர் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் வேலையும் இல்லை. ஹைட்ராலிக் அமைப்பு தானே பார்த்துக்கொள்ளும்.

வழக்கமான பராமரிப்பில் ரகசியம் எதுவும் இல்லை. எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, குறைவாக ஓட்டினாலும் ஆண்டுக்கு ஒரு முறை. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த நீர் கலந்து. சிலிண்டர் ஹெட் அலுமினியம். குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டினால் உள்ளே அரிக்கத் தொடங்கும், அந்த அரிப்பு ஹெட்டின் அடியில் உள்ள கேஸ்கெட் கசியும்போதுதான் வெளியே தெரியும். நெரிசலில் வெப்பமானியின் முள் 100 டிகிரியை நெருங்குவது இந்தக் காருக்கு இயல்பு. அதைப் பார்த்துப் பதறி, கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எஞ்சின் சூடேறாமலே ஓடினால் பெட்ரோலும் கூடுதலாகப் போகும், தேய்மானமும் கூடும்.

கியர் பாக்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கார் மென்மையாக ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இரண்டாம் கியரில்தான் கிளம்பும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். புதிதாக ஓட்டுபவர் இதைப் பழுது என்று நினைத்துவிடுகிறார். ஆயில் மாற்றும்போது அடித்தட்டைக் கழற்றி வடித்தால் மட்டும் போதாது. எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரிலும் தனியாக ஒரு வடிகால் போல்ட் இருக்கிறது. எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றினால் அது கீழே வந்து நிற்கும். அதைத் திறக்காவிட்டால் பழைய ஆயிலில் கணிசமான பகுதி உள்ளேயே தங்கிவிடும். 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஃபில்டரோடு சேர்த்து இதைச் செய்தால் போதும். கியர் திடீரென்று உதைத்து மாறினால் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் வெற்றிடக் குழாயை. அதன் முனையில் இருக்கும் சிறு ரப்பர் இணைப்பு வெடித்திருந்தாலே கியர் முரட்டுத்தனமாக மாறும். அந்தத் துண்டு ரப்பருக்காக முழு கியர் பாக்ஸையும் இறக்கிய கதைகளைக் கேட்டிருக்கிறேன்.

எனக்கு முன்பு இந்தக் காரை வைத்திருந்தவர் பில்கள் அடங்கிய கோப்பு ஒன்றையும் கொடுத்தார். ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரிகிறது, ஐடிலிங் (கார் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது என்று அவர் ஒரு பட்டறைக்குப் போயிருக்கிறார். அவர்கள் சென்சார்களை மாற்றி, பிறகு பெட்ரோல் செலுத்தும் அமைப்பில் கை வைத்து, கடைசியில் ஏபிஎஸ் கணினியையே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு அறிகுறிகளும் ஒன்றாக வந்தால் இந்தக் காரில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே: பேட்டரிக்குப் பின்னால், தடுப்புத் தகட்டுக்கு அப்பால் இருக்கும் வெள்ளி நிற அலுமினியப் பெட்டி. மின்னழுத்தம் எல்லை மீறினால் மற்றக் கருவிகளைக் காப்பாற்றும் ரிலே அது. ஏபிஎஸ்ஸுக்கும் பெட்ரோல் அமைப்பின் கணினிக்கும் மின்சாரம் இதன் வழியாகத்தான் போகிறது. தலையில் ஒரு மூடி, அதன் கீழே 10 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் நன்றாகவே இருந்தது. பெட்டியைத் திறந்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். முள்கள் பலகையில் சேரும் இடத்தில் சால்டரைச் சுற்றி மயிரிழை போல வட்டமான விரிசல்கள். ஆண்டாண்டுகளாகச் சூடேறியும் ஆறியும் விட்டுப்போனவை. சூடானால் தொடர்பு அறுபடும், ஆறினால் மறுபடி சேரும். அதனால்தான் கோளாறு வந்து வந்து போயிருக்கிறது. திரும்ப சால்டர் வைத்தால் ஓடும், ஆனால் புதிய ரிலே போடுவதே மேல். நான் அதைத்தான் செய்தேன், விளக்கு அன்றே அணைந்தது.

ஃபியூஸ் பெட்டியும் இப்படித்தான். பீங்கான் உடலில் உலோகப் பட்டை ஓடும் பழைய வகை ஃபியூஸ்கள் இவை. முனைகளில் ஆக்சைடு படிந்தால் ஃபியூஸ் எரியாமலே மின்சாரம் தடைப்படும். ஆண்டுக்கு ஒரு முறை பேட்டரியைத் துண்டித்துவிட்டு ஒவ்வொன்றையும் விரலால் சில முறை உருட்டிவிட்டாலே பாதித் தொல்லை தீரும்.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலப் புகை வந்து சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறதா? எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் வால்வு வழியாக எண்ணெய் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல்கள் காய்ந்து இறுகியிருக்கும். சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிக்கொண்டு, ஹெட்டைக் கழற்றாமலே அவற்றை மாற்றலாம். மழைக்காலத்தில் எஞ்சின் தடுமாறினால் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும் ரோட்டரையும் பாருங்கள், ஈரம் கோத்திருக்கும்.

ஸ்டீயரிங் தொளதொளவென்று இருப்பதாகத்தான் பலரும் குறை சொல்கிறார்கள். ஸ்டீயரிங் பாக்ஸில் உள்ள திருகை இறுக்கிவிடுவது பட்டறைகளில் நடக்கும் குறுக்குவழி. அதனால் நடுவில் ஸ்டீயரிங் பிடித்துக்கொள்ளுமே தவிர காரணம் தீராது. ஐட்லர் ஆர்ம் புஷ் (இணைப்பில் இருக்கும், தேயக்கூடிய உறை), ஸ்டீயரிங் டேம்பர், முன்பக்க லோயர் பால் ஜாயின்ட், கன்ட்ரோல் ஆர்ம் புஷ் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். பின்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஐந்து ஆர்ம்கள். இந்தக் காரின் சொகுசுக்கே அவைதான் காரணம். அவற்றின் புஷ்களை ஒன்றொன்றாக மாற்றுவது வீண் வேலை. ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றி வீல் அலைன்மென்ட் செய்துவிட வேண்டும். அந்த வேலை முடிந்த மறுநாள் மேடு பள்ளமான சாலையில் ஓட்டியபோது, பழைய காரை ஓட்டுகிறோம் என்ற எண்ணமே வரவில்லை. ஐடிலிங்கில் கியர் போட்டு நிற்கும்போது இருக்கை அதிர்ந்தால் எஞ்சின் மவுண்டிங்கை மாற்றுங்கள். உள்ளே திரவம் நிரப்பிய மவுண்டிங் அது. திரவம் கசிந்து எஞ்சின் சற்றே கீழே உட்கார்ந்திருக்கும்.

எனக்கு உண்மையாகவே பிடிக்காத வேலை, ஏசியில் காற்றைக் குளிர்விக்கும் பாகமான எவாப்பரேட்டரை மாற்றுவது. இந்த வரிசையில் அது கசிவது ஊரறிந்த விஷயம். மாற்ற வேண்டுமென்றால் டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். வாங்கும் முன் ஏசியைப் போட்டு நெடுநேரம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கேஸ் இல்லை, ஊற்றினால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொன்னால், ஊற்றிக் காட்டச் சொல்லி ஒரு வாரம் பொறுங்கள்.

எந்த ஆண்டு மாடலை வாங்குவது என்பதிலும் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. 1992-க்குப் பிறகு வந்த 24 வால்வு எஞ்சின் கார்கள் வேகமானவை, ஆனால் அந்த ஆண்டுகளில் எஞ்சின் வயரிங்கின் மேலுறை நாளடைவில் பொடிந்து உதிரக்கூடியது. வயரிங் மாற்றியதற்கு ரசீது இல்லாத காரைத் தொட மாட்டேன். 1990, 1991-ல் தயாரான 300 இ கிடைத்தால் அதைத்தான் எடுப்பேன். அதில் துருவுக்குத்தான் அஞ்ச வேண்டும். கதவுக்குக் கீழே பிளாஸ்டிக் தகடு இருந்தால் ஜாக்கி வைக்கும் நான்கு இடங்களின் மூடியையும் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், பேட்டரித் தட்டின் அடியையும் தடவிப் பாருங்கள். மூடியைக் கழற்ற விற்பவர் சம்மதிக்காவிட்டால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.