பாலாடையில் எதை ஊற்றுவது? ஓ.ஆர்.எஸ்., டப்பா பானம், இளநீர், கஞ்சி, டிரிப்: ஓர் அலசல்

2025 ஜூலையில் ஒரு மழை ராத்திரி. மும்பை தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கம் எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் ஐந்து சாமான்கள் வரிசையாக இருந்தன. ஒரு டம்ளரில் இளநீர். ஒரு கிண்ணத்தில் அத்தை வடித்து வைத்த கஞ்சித் தண்ணீர். எதிர்வீட்டு அக்கா கொடுத்த குளுக்கோஸ் டப்பா. என் வீட்டுக்காரர் நனைந்துகொண்டே போய் மெடிக்கலில் வாங்கிவந்த ஆரஞ்சு நிற அட்டைப்பெட்டி பானம். அப்புறம், தடுப்பூசி போடப் போனபோது நர்ஸ் கொடுத்து, டிராயரில் மறந்து கிடந்த ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அதாவது வயிற்றுப்போக்கில் போன நீரையும் உப்பையும் நிரப்பத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற பொடி. பக்கத்தில் கழுவி வைத்த பாலாடை, குழந்தைக்குப் பால் புகட்டுகிற மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்.

ஒன்பது மாதப் பையன் மத்தியானத்திலிருந்து ஐந்து தடவை வாந்தி எடுத்து, எட்டு தடவை தண்ணீராகப் போயிருந்தான். எட்டு கிலோ பிள்ளை, கையில் தூக்கினால் லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. ஆளுக்கு ஒன்றைக் கொடு என்றார்கள். "வாந்தி எடுக்கிற பிள்ளைக்குத் தண்ணி கொடுத்தா இன்னும்லா போகும்" என்று அத்தைக்குப் பயம். அன்று ராத்திரியும் மறுநாள் ஆஸ்பத்திரியிலும் கற்றுக்கொண்டதை வைத்து, அந்த மேடையில் இருந்த ஒவ்வொன்றையும் இங்கே எடைபோடுகிறேன். மழைக்காலம் வந்தால் இந்த ஊரில் இது வீட்டுக்கு வீடு வரும் கேள்வி. நேரம் வைத்து விடுகிற குழாய்த் தண்ணீர் நின்றுபோகும்போது பைப்பில் அழுத்தம் குறையும். எங்காவது விரிசல் இருந்தால் சாக்கடை உள்ளே கசியும்.

முதலில், எதை வைத்து ஒப்பிடுவது? வயிற்றுப்போக்கில் தண்ணீர் மட்டும் போவதில்லை; சோடியம், பொட்டாசியம் எல்லாம் சேர்ந்து போகிறது. குடல் சுவரில் ஒரு வழி இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால்தான் அது திறக்கும். அந்த ஜோடியின் பின்னாலேயே தண்ணீர் உள்ளே போகும். ரோட்டா வைரஸோ காலராவோ குடலைப் படுத்தும்போதும் இந்த வழி பெரும்பாலும் வேலை செய்கிறது. அதனால் கேட்க வேண்டியது இரண்டு: இதில் போதுமான உப்பு இருக்கிறதா? சர்க்கரை அளவாக இருக்கிறதா? உப்பு குறைந்தால் தண்ணீர் சரியாக ஏறாது. சர்க்கரை கூடினால் குடல் உடம்பிலிருந்தே தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இந்த இரண்டுக்கும் சரியாகப் பதில் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் (டபிள்யூ.எச்.ஓ.) இப்போதைய கணக்கு இது: ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். மொத்தம் 20.5 கிராம். ஆனால் அந்தச் சரியான அளவைக் கெடுப்பதும் சுலபம். கடையில் இரண்டு சைஸ் கிடைக்கிறது. ஒன்று ஒரு லிட்டருக்கு, இன்னொன்று 200 மில்லிக்கு. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டினால் அது மருந்து இல்லை, உப்புக் கரைசல். குழந்தையின் ரத்தத்தில் சோடியம் எகிறிவிடும். தேவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியை எடுத்துப் போடுவதும் தப்பு. பொட்டலத்தின் பின்பக்கம் எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருக்கும். நான் காலி லிட்டர் பாட்டிலை அளவுக்கு வைத்து, கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி, முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரைத்தேன். 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கொடுக்குமுன் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரின் உப்புக்கு மேல் கரித்தால் கலவை தப்பு.

ஓ.ஆர்.எஸ். மேல் பலருக்கு நம்பிக்கை போவதற்குக் காரணம் ஒன்றுதான். அது வயிற்றுப்போக்கை நிறுத்தாது. "கொடுத்தேன், நிற்கவே இல்லையே" என்பார்கள். அதன் வேலை போனதைத் திருப்பி நிரப்புவது. குழந்தைக்குப் பொதுவாகச் சில நாள் போய், தானாகத்தான் நிற்கும். போக்கை நிறுத்தப் பெரியவர்கள் போடும் லோப்பரமைடு மாதிரி மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

அந்த ஆரஞ்சு அட்டைப்பெட்டியைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் கோபம் வருகிறது. மெடிக்கலில் ஓ.ஆர்.எஸ். கேட்டதற்குத்தான் அதை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பெட்டியின் பெயரிலேயே அந்த மூன்று எழுத்து பெரிதாக இருந்தது. பின்னால் பொடி எழுத்தில் படித்தால் சர்க்கரை பல மடங்கு, உப்பு போதாது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதற்காக எட்டு வருஷம் போராடினார். எங்கள் வீட்டு ராத்திரிக்கு மூன்று மாதம் கழித்து, 2025 அக்டோபரில், அந்தக் கலவைக்குப் பொருந்தாத எந்தப் பானமும் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக்கூடாது என உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவிட்டது. அந்த டாக்டருக்கு நான் நேரில் நன்றி சொல்லக் கடமைப்பட்டவள். பெயர் மாறினாலும் பழக்கம் மாற நாளாகும், கடையில் "டபிள்யூ.எச்.ஓ. ஃபார்முலா பொடி" என்று கேட்டு வாங்குங்கள்.

குளுக்கோஸ் டப்பா, ஜூஸ், சோடா, எல்லாம் அதே கணக்கு. இனிப்பு மட்டும் இருக்கிறது, உப்பு இல்லை. வேண்டாம்.

இளநீர் அப்படித் தள்ளிவிடக் கூடியது இல்லை. சுத்தமானது, பொட்டாசியம் நிறைய. தெருவில் நாரியல் பானி வண்டி எப்போதும் நிற்கும். ஆனால் வயிற்றுப்போக்கில் அதிகமாகப் போவது சோடியம். இளநீரில் அது குறைவு. ஒரு வயதுக்கு மேல், லேசான போக்கு, நன்றாக விளையாடுகிற பிள்ளைக்கு நடுவில் கொடுக்கலாம். ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாகக் கொடுத்தால் ஏமாறுவோம்.

கஞ்சித் தண்ணீர்தான் உண்மையான போட்டி. அத்தை குழைய வேகவைத்த அரிசியை இறுத்து, இரண்டு விரலால் உப்பு எடுத்துப் போட்டார்கள். அரிசியின் மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோஸாக உடையும். கூட உப்பும் இருப்பதால் அந்த ஜோடி வழி திறக்கும். உப்பு போட்ட கஞ்சியை வீட்டில் கொடுக்கத்தக்க திரவமாக மருத்துவர்களும் ஏற்கிறார்கள். சிக்கல் அந்த இரண்டு விரலில் இருக்கிறது. அத்தையின் சிட்டிகை வேறு, என் சிட்டிகை வேறு. என் முடிவு இது: ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்குக் கஞ்சியை உணவாகவும் கூடுதல் திரவமாகவும் வையுங்கள், கண் குழிய ஆரம்பித்தால் அளவுள்ள பொட்டலத்துக்கு மாறுங்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் கஞ்சியும் இல்லை, இளநீரும் இல்லை.

நடுராத்திரி, கடை எல்லாம் மூடியாயிற்று, பொட்டலமே இல்லை என்றால்? ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டையும் கோபுரமாக அள்ளாமல் தலைதட்டிப் போட வேண்டும். இதில் பொட்டாசியம் இல்லை, கை தவறினால் உப்பு கூடிவிடும். கடை திறக்கும்வரை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டிய வழி.

தாய்ப்பாலை இந்த வரிசையில் நான் நிறுத்தவே இல்லை, ஏனென்றால் அது எதற்கும் போட்டி இல்லை. ஓ.ஆர்.எஸ். கொடுத்தாலும் பால் நிற்கக் கூடாது. வழக்கத்தைவிட அடிக்கடி கொடுக்க வேண்டும். பவுடர் பால் குடிக்கிற பிள்ளைக்கும் வழக்கமான கணக்கில்தான் கலக்க வேண்டும், தண்ணீர் கூட்டிக் கலக்கக் கூடாது. "வயிற்றைக் காயப்போடு" என்பது பழைய பேச்சு. காயப்போட்டால் குடல் ஆறுவது இன்னும் தாமதமாகும்.

எதைக் கொடுப்பது என்பதில் பாதிதான் விஷயம். எப்படிக் கொடுப்பது என்பது மீதி. முதலில் நான் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். தாகத்தில் அவன் மடமடவென்று குடித்து, மூன்றே நிமிஷத்தில் அத்தனையும் என் மேல் வாந்தி எடுத்தான். அத்தை சொன்னது நிஜமாகிவிட்டதோ என்று எனக்கு அழுகை வந்தது. அப்புறம் பத்து நிமிஷம் சும்மா மடியில் வைத்திருந்துவிட்டு, பாலாடையில் ஒரு டீஸ்பூன் அளவு ஊற்றி, அதன் மூக்கை அவன் உதட்டோரம் வைத்துச் சாய்த்தேன். சொட்டு சொட்டாக இறங்கியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று. அது உள்ளேயே தங்கியது. அத்தை எதுவும் சொல்லாமல் என் கையிலிருந்து பாலாடையை வாங்கிக்கொண்டு, "நீ கொஞ்சம் சாய்ஞ்சுக்கோ தாயி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்கள்.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. நீர் வற்றிய அறிகுறி தெரிகிற குழந்தைக்கு நான்கு மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மில்லி கொடுக்கச் சொல்கிறார்கள், அதுவும் மருத்துவர் அல்லது நர்ஸ் கண்காணிப்பில். எட்டு கிலோவுக்கு 600 மில்லி, மணிக்கு 150. ஐந்து மில்லி ஸ்பூனை இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கொடுத்தால் மணிக்குச் சரியாக 150 மில்லி! மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் ஓ.ஆர்.எஸ். கொடுக்கவென்றே ஒதுக்கிய கார்னரில் உட்கார்ந்து இதையேதான் செய்தோம். நீர் வற்றாத குழந்தைக்கு இவ்வளவு வேண்டாம். இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு தடவை தண்ணீராகப் போன பிறகும் 50 முதல் 100 மில்லி போதும்.

அடுத்து, டிரிப். "ஒரு பாட்டில் ஏத்திடுங்க டாக்டர், தெம்பு வரும்" என்று கேட்கிற பழக்கம் நம்மிடம் அதிகம். குடிக்க முடிகிற குழந்தைக்கு வாய் வழியும் ஊசி வழியும் தருவது ஒரே பலன்தான். ஊசியில் வலியும், கிருமித்தொற்று ஆபத்தும், செலவும் கூட. 1971-ல் பங்களாதேஷ் போர் அகதிகள் முகாமில், மேற்கு வங்கத்தின் பொங்காவ் என்ற ஊரில், டிரிப் பாட்டில் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகலனோபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்து, காலரா நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்தார். நூற்றுக்கு முப்பது என்று இருந்த சாவு 3.6 ஆக இறங்கியது. 2022-ல் அவர் காலமானார். அடுத்த வருஷம் பத்ம விபூஷண் வந்தது. குடிக்க வைத்தவர்கள் சொந்தக்காரர்கள் என்பதுதான் அதில் என் மனதில் நிற்பது.

ஆனால் டிரிப்தான் உயிர் காக்கும் நேரமும் உண்டு. அப்போது ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. குழந்தை துவண்டு, கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடந்தால், குடிக்கவே முடியாவிட்டால், கொடுப்பதெல்லாம் வாந்தியாக வந்தால், ஆறு மணி நேரமாக மூத்திரம் இல்லாவிட்டால், மலத்தில் ரத்தம் இருந்தால், வாந்தி பச்சையாக வந்தால், காலை மடக்கிக்கொண்டு, விட்டு விட்டு வீறிட்டு அழுதால், உடனே கிளம்புங்கள். கடைசி இரண்டும் குடல் அடைப்பாகவும் இருக்கலாம். தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவில் வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விடுங்கள். இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பு அப்படியே நின்றால் நிலைமை மோசம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு இந்த ஆராய்ச்சியே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. எங்களுக்குச் சயான் ஆஸ்பத்திரி பக்கம். பரேலில் குழந்தைகளுக்கென்றே வாடியா இருக்கிறது. வண்டி கிடைக்காவிட்டால் 108. வழியெல்லாம் ஸ்பூனில் கொடுத்துக்கொண்டே போகலாம், குழந்தை விழித்திருந்து விழுங்கினால் மட்டும்.

மூத்திரத்தைப் பற்றி ஒன்று. டயப்பர் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். எது மூத்திரம், எது தண்ணீராகப் போனது என்று தெரியாது. அன்று ராத்திரி டயப்பரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய வேட்டியைக் கிழித்து லங்கோட் கட்டினோம். துவைக்கிற வேலைதான், ஆனால் அதிகாலை நாலரைக்கு முன்பக்கம் மட்டும் மஞ்சளாக நனைந்திருந்ததை டயப்பர் எனக்குக் காட்டியிருக்காது.

ஊர்ப்பக்கம் பிள்ளைக்கு இப்படிப் போக்கும் வாந்தியும் வந்தால் "சீர் தட்டியிருக்கு", "தொக்கம்", "உரம் விழுந்திருக்கு" என்பார்கள். உச்சிக்குழி பள்ளமாகி, கண் உள்ளே போயிருப்பதைப் பார்த்துத்தான் பல பாட்டிகள் சீர் என்றார்கள். அவர்கள் பார்த்தது சரி, அது நீர் வற்றிய அடையாளமேதான். அதற்காக வயிற்றை நீவுவதும், துணியில் கட்டிக் குலுக்குவதும், தொண்டையில் ஊதி எடுப்பதும் ஆபத்து. ஜாதிக்காய் இழைத்துக் கொடுப்பதும் கூடாது. அது குழந்தையை மயக்கித் தூங்க வைத்துவிடும். நோயின் துவளலா, ஜாதிக்காயின் தூக்கமா என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும்.

ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாடிக் எதுவும் எழுதவில்லை. ரத்தம் இல்லாத சாதாரணப் போக்குக்கு அது தேவையில்லை என்றார்கள். எழுதியது ஜிங்க் (துத்தநாகம்) மாத்திரை மட்டும்: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம்வரை 10, மொத்தம் 14 நாள். போக்கின் நாளைக் குறைக்கும், அடுத்த சில மாதங்களில் திரும்ப வருவதையும் குறைக்கும். நான்காம் நாள் பையன் தவழ்ந்து போய் பாத்திரத்தை உருட்ட ஆரம்பித்தான். "இனி எதுக்கு மாத்திரை?" என்றார் என் வீட்டுக்காரர். அத்தை காலண்டரில் தேதியை வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு ஸ்பூன் பாலில் கரைத்து, அதே பாலாடையில், பதினான்காம் நாள்வரை அவர்கள்தான் கொடுத்தார்கள்.