எபிகலெக்ட்5: மாணவர்களோடு கண்மாயை அளந்த அனுபவம்

மரக்கன்று நடுவது, பேரணி, ஓவியப் போட்டி. பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றமான பசுமைப் படைக்குப் பொறுப்பாசிரியராக இருப்பவர்களுக்கு இந்தச் சுற்று பழகியதுதான். அதிலிருந்து நான் வெளியே வரக் கைகொடுத்தது களத்தில் நின்று போனிலேயே தகவல் திரட்ட உதவும் எபிகலெக்ட்5 என்ற இலவசச் செயலி. எங்களுடையது மேலூர்ப் பக்கம் கிராமத்துப் பள்ளி. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன்.

பக்கத்து அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டபோது, அங்கே 72 ஏரிகள், 200 சுனைகள் என்று செய்தியில் வந்தது. "நம்ம கண்மாய் எந்தக் கணக்குல டீச்சர் இருக்கு?" என்று ஒரு பெண் கேட்டாள். கண்மாயில் எதையெல்லாம் பதிவது என்ற எங்கள் கேள்விப் படிவம் பிறந்தது அப்படித்தான்: மடை (பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழி), கலுங்கு (மிகுநீர் வழியும் இடம்), வரத்துக்கால் (தண்ணீர் வரும் வாய்க்கால்), சீமைக்கருவேலம், குப்பை கொட்டும் இடம்.

கேள்விகளை இணையதளத்தில் தமிழிலேயே எழுதி, போனில் இறக்கிக்கொள்ளலாம். நிற்கும் இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியும் போட்டோவும் பதிலும் சேர்ந்து பதிவாகும். அதற்கு நெட் வேண்டாம். எங்கள் கண்மாய்க்குள் சிக்னலே எடுக்காது என்பதால் எனக்கு இது போதும். திரும்பி வந்து ஹாட்ஸ்பாட்டில் ஏற்றினால் எல்லாம் வரைபடத்தில் வந்துவிடும். பதிவுகளை ஏற்றிய பிறகு போட்டோக்களைத் தனியாக ஏற்ற வேண்டும். இது புதியவர்களைக் குழப்பும்.

பள்ளிக்குப் பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது. அதனால் சனிக்கிழமைகளில் என் போன், சில பெற்றோர் தந்த போன்கள், குழுவுக்கு ஒன்று. ஆளுக்கொரு போன் இருந்திருந்தால் இவ்வளவு வாக்குவாதம் நடந்திருக்காது. "இது கலுங்கா, உடைப்பா?" என்று கரையில் நின்று சண்டை போடுவதில்தான் பாதிப் பாடம் நடக்கிறது.

ஒரு மடையை மட்டும் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா, "அந்தக் கருவேலங்காட்டுக்குள்ள போய்ப் பாருங்கப்பா, கல்லு நிக்கும்" என்றார். நின்றது. ஆனால் புதருக்குள் ஜிபிஎஸ் தடுமாறியது. பிழை இத்தனை மீட்டர் என்று செயலியே காட்டும். திறந்த கரையில் ஐந்துக்குள் வருவது அங்கே இருபதுக்கு மேல் போனது. எட்டுக்கு மேல் இருந்தால் பதியக் கூடாது என்று பிள்ளைகளே ஒரு விதி வைத்துக்கொண்டு, எண் இறங்கும்வரை முள்ளுக்குள் நின்றார்கள். குப்பைப் புள்ளிகள் முக்கால்வாசி வரத்துக்கால் பாலத்தை ஒட்டியே விழுந்ததையும் நான் சொல்லவில்லை, வரைபடத்தில் அவர்களே பார்த்தார்கள்.

செடி, பூச்சி, பறவைகளைப் படமெடுத்துப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட்டையும் முயன்றேன். நல்ல தளம்தான், ஆனால் 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் கணக்கு தொடங்க முடியாது. அது பெயரையும் பரிந்துரைப்பதால், முதலில் வருவதையே பிள்ளைகள் அமுக்கிவிடுகிறார்கள். இலையைத் தொட்டுப் பார்ப்பதில்லை. அருகிவரும் உயிரினங்களின் இடத்தை அது தானாக மங்கலாக்கிக் காட்டும். எபிகலெக்ட்டில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. திட்டத்தைப் பொதுவில் வைத்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆகவே பறவைக் கூடு, வீட்டுக் கிணறு, பிள்ளைகளின் பெயர், முகம் எதையும் நாங்கள் பதிவதில்லை.

இன்னொன்று: திட்டம், அதைத் தொடங்கியவரின் மின்னஞ்சலோடு கட்டப்பட்டிருக்கும். ஆசிரியருக்கு மாறுதல் வந்தால் பின்னால் வருபவர் திண்டாடுவார். அறிவியல் ஆசிரியரையும் மேனேஜராகச் சேர்த்துவிட்டேன். தொடங்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.